இல்லத்தாரோடு சில வார்த்தை: எந்தச் செய்தியை நம்புவது?



சங்கக் கூட்டம் முடிந்து யாவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், வண்டிப்பெரியாற்றுப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் சகோதரியார் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயா, அணையைப் பற்றி மலையாளப் பேப்பர் ஒன்று சொல்கிறது, தமிழ்ப் பேப்பர் வேறொன்று சொல்கிறது, கைப்பேசியில் வருவதோ இரண்டும் சொல்லாத மூன்றாவது. எதை நம்பிப் பிள்ளைகளைத் தூங்க வைப்பது?" என்று கேட்டார். அவ்வேளை நாம் ஏதோ ஒரு விடை கூறி அனுப்பினோம். வீடு வந்து சேர்ந்த பின்னர், அது விடையாகாது என்று நம் மனமே நம்மைக் கடிந்தது. ஆதலின் இம்மாதப் பகுதியை அச்சகோதரியாரின் கேள்விக்கே ஒதுக்கினோம்.

அவர் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்ததை யாவரும் அறிவோம். அத்துயரம் ஆறுமுன்னரே, "அடுத்தது முல்லைப்பெரியாறு" என்னும் பேச்சு கைப்பேசிகள் வழியே மலையெங்கும் பரவியது. அந்நாட்களில் ஒரு நள்ளிரவு, யாரோ ஒருவருடைய பதற்றக் குரல் பதிவு செய்யப்பெற்ற செய்தி இச்சகோதரியாரின் கைப்பேசிக்கு வந்தது. அணையில் விரிசல் கண்டுவிட்டது, உடனே மேட்டுக்குச் செல்லுங்கள் என்றது அக்குரல். பேசியவர் யார், எங்கிருந்து பேசினார், எப்போது பேசினார் என்பது அதில் இல்லை. அன்னையார் இரு பிள்ளைகளையும் முதிய மாமியாரையும் எழுப்பி, ஜீப்புக்காரருக்கு இருமடங்கு வாடகை கொடுத்துக் கம்பத்திலுள்ள உறவினர் இல்லத்தை அடைந்தார். விடிந்தது, அணை இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று நாட் கூலி போயிற்று. மாமியாருக்கு அன்று தொடங்கிய நெஞ்சுப் படபடப்பு இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

இதனைக் கேட்டு நகைப்பவர் நம் நிலையை அறியாதவர். ஆற்றின் கரையில், அணையின் கீழ் வாழ்பவர்க்கு அச்சம் இயல்பே. அந்த அச்சம் வெறும் கற்பனையும் அன்று. 1979 ஆகஸ்டு 11ஆம் நாள் குஜராத்தின் மோர்வி நகருக்கு மேலிருந்த மச்சு அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வாண்டிலேயே, 1895இல் கட்டி முடிக்கப்பெற்ற பழைய அணையாகிய முல்லைப்பெரியாற்றின் உறுதியைப் பற்றியும் கேள்வி எழுந்தது. அதன் பின்னரே நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, அணையை வலுப்படுத்தும் வேலைகள் தொடங்கின. ஆகவே அச்சப்படாதீர்கள் என்று நாம் கூறப் போவதில்லை. அச்சம் எதன்மேல் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

முதலில் நம் இருப்பிடத்தை எண்ணிப் பார்ப்போம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளமும் பீருமேடும் சித்தூரும் கேரளத்தோடு நின்றன. நம் முன்னோர் பேசிய மொழி தமிழ். நாம் வாழும் நிலம் கேரளம். மேலே அணை, அந்த அணையின் நீர் மலையைக் குடைந்து கிழக்கே சென்று தேனி, மதுரை முதலிய மாவட்டங்களின் வயல்களை விளைவிக்கிறது. அவ்வயல்களில் நம் உறவினர் நாற்று நடுகின்றனர். அணைக்குக் கீழே மேற்கே செல்லும் ஆற்றின் கரையில் நாம் குடியிருக்கிறோம். இவ்வாறு இரு பக்கத்திலும் உறவுடைய நமக்கு, ஒரே செய்தி இரு முகங்களோடு வந்து சேருகிறது.

2021ஆம் ஆண்டின் இறுதியை நினைவுகூருங்கள். நவம்பர் 30ஆம் நாள் அணையின் நீர்மட்டம், உச்சநீதிமன்றம் அனுமதித்த 142 அடியை எட்டியது. கம்பம் பள்ளத்தாக்கில் அது மகிழ்ச்சிச் செய்தி. உழவர் மனம் குளிர்ந்த செய்தி. அடுத்து வந்த டிசம்பர் நாட்களில், இரவு வேளையில் மதகுகள் திறக்கப்பட்டபோது வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு பகுதிகளில் ஆற்றங்கரை வீடுகளுக்குள் நீர் புகுந்தது. முன்னறிவிப்புப் போதவில்லை என்று கேரள அரசு முறையிட்டது. அங்கே அது கோபச் செய்தி. பாயைச் சுருட்டிக்கொண்டு இருட்டில் நின்றவர்களின் செய்தி. அவ்வாறு நின்றவர்களுள் தமிழ் பேசுவோரும் இருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது. இரு செய்திகளில் எது பொய்? இரண்டும் பொய்யல்ல. ஒவ்வொன்றும் பாதி. தமிழ் ஏட்டை மட்டும் படித்தவர் வயலைக் கண்டார்; மலையாள ஏட்டை மட்டும் படித்தவர் வீட்டைக் கண்டார். வயலும் வீடும் ஒருசேர நம்முடையவை. ஆதலின் நாம் இரண்டையும் படித்தே தீரவேண்டும்.

சார்பு என்றவுடன் பொய் என்று பலர் எண்ணுகின்றனர். அது முற்றும் சரியன்று. பத்திரிகை நடத்துவோர் தம் வாசகர் எங்கே நிற்கின்றாரோ அங்கே நின்றுதான் உலகைப் பார்க்கின்றனர். மதுரை வாசகனுக்கு எழுதுபவர் பாசனத்தை முதலில் எழுதுவார். கோட்டயத்து வாசகனுக்கு எழுதுபவர் பாதுகாப்பை முதலில் எழுதுவார். கட்சியின் பெயரால் நடக்கும் ஏடுகள் தம் சார்பை மறைப்பதில்லை. அவற்றைப் படிக்கும்போது நாமும் விழிப்பாயிருக்கிறோம். "நாங்கள் நடுநிலை" என்று சொல்லிக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் நாள்தோறும் சொல்பவரிடமே கூடுதல் கவனம் வேண்டும். "நம் மொழியில் வந்தது, ஆகையால் மெய்" என்று நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளும்போது அதனினும் கூடுதல் கவனம் வேண்டும்.

பொய்யே இல்லாமலும் செய்தி நம்மை மயக்குவதுண்டு. அதற்கு அளவைகளே சான்று. முல்லைப்பெரியாற்றின் மட்டத்தை 142 அடி, 138 அடி என்று சொல்லும்போது அது ஆற்றுப்படுகையிலிருந்து எடுத்த கணக்கு. இடுக்கி அணையின் மட்டத்தை 2,400 அடி, 2,403 அடி என்று சொல்லும்போது அது கடல் மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு. இடுக்கி அணையின் உயரமே ஏறத்தாழ 555 அடிதான். இவ்வேறுபாடு அறியாத முதியவர் ஒருவர், "அங்கே இரண்டாயிரத்து நானூறு அடி நீர் நிற்கிறதாமே!" என்று நடுங்கியதை நாம் நேரிற் கண்டோம்.

திறந்துவிடும் நீருக்கும் இதே கதைதான். தமிழ் ஏடுகள் நொடிக்கு இத்தனை கன அடி என்று எழுதுகின்றன. மலையாளச் செய்திகளில் கன மீட்டர்க் கணக்கும் லிட்டர்க் கணக்கும் வருகின்றன. ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர், அதாவது 35 கன அடிக்குச் சற்று மேல். நொடிக்கு 500 கன அடி நீர் திறந்தால், அதனையே 14 கன மீட்டர் என்றும் சொல்லலாம், 14,000 லிட்டர் என்றும் சொல்லலாம். பதினான்கு என்றால் மனம் அமைதியுறுகிறது. பதினாலாயிரம் என்றால் திடுக்கிடுகிறது. நீர் ஒன்றே. ஆகவே எண்ணைக் கேட்டவுடன், "எந்த அளவையில்?" என்று கேட்கப் பழகுவோம்.

நிறங்களும் அப்படியே. வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், 24 மணி நேரத்தில் 204 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்பது பொருள். கேரளத்தில் அணைகளுக்கு நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று அறிவிக்கும்போது, நீர்மட்டம் மதகு திறக்கும் அளவை நெருங்குகிறது, ஆற்றங்கரையில் இருப்போர் விலகி நில்லுங்கள் என்பது பொருள். அணை உடையப் போகிறது என்பது அதற்குப் பொருளன்று. இரண்டு சிவப்புகளையும் ஒன்றாக்கி, அதற்கு மூன்றாவது பொருள் கற்பித்து அனுப்புவோரால்தான் நள்ளிரவு ஜீப்புக்கு வாடகை ஏறுகிறது.

ஒருதலைச் செய்தியும் வதந்தியும் கைகோத்தால் என்ன நேரும் என்பதை நாம் 2011ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பட்டறிந்தோம். இடுக்கியில் அவ்வாண்டு சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டிருந்தன. அணை உடைவதைக் கதையாகக் கொண்ட திரைப்படமொன்றும் அப்போது வெளிவந்து கொந்தளிப்பை வளர்த்தது. கம்பம் பக்கத்து மக்கள் திரள்திரளாகக் குமுளி நோக்கிப் புறப்பட்டனர், தடையுத்தரவு வந்தது, போக்குவரத்து நின்றது. ஏலத்தோட்டங்களில் வேலை செய்த நம்மவர் பலர் கூலியையும் பெறாமல் மூட்டை முடிச்சுகளோடு மலையிறங்கினர். தமிழ்நாட்டில் மலையாளிகள் நடத்திய கடைகள் தாக்கப்பட்டன. அங்கே அடிபட்ட தேநீர்க் கடைக்காரரும் இங்கே ஓடிய தோட்டத் தொழிலாளியும் ஒருவரையொருவர் அறியாதவர். ஒருவருக்கொருவர் தீங்கு நினையாதவர்.

அந்த டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தில் நிகழ்ந்த ஒன்றும் நினைக்கத்தக்கது. முல்லைப்பெரியாற்று நீர் பெருகி வந்தாலும் அதனை இடுக்கி அணைத் தொகுதி தாங்கும் என்ற பொருள்படக் கேரள அரசின் தலைமை வழக்கறிஞரே கூறினார். கிழக்கே அது "அவர்களே ஒப்புக்கொண்டார்கள்" என்று முழங்கப்பட்டது. மேற்கே அவரைப் பதவி நீக்கவேண்டும் என்ற குரல் எழுந்தது. எந்தக் கேள்விக்கு விடையாக அவர் அதனைக் கூறினார், இரு அணைகளுக்கும் இடையே ஆற்றோரம் வாழும் மக்களுக்கு அது என்ன ஆறுதல் தரும் என்று கேட்டவர் சிலரே. அந்த இடைப்பகுதியில்தான் வண்டிப்பெரியாறும் உப்புத்தறையும் இருக்கின்றன.

அப்படியாயின் அரசு சொல்வதையே நம்பலாமா என்று கேட்பீர்கள். மழை, மதகு, சாலை, முகாம் ஆகியவற்றைப் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சொல்வதை நம்பவேண்டும். அவ்வேளை அதற்கு மேல் அறிந்தவர் வேறெவரும் இலர். ஆனால் அணை வழக்கில் இரு மாநில அரசுகளும் வழக்காடுவோர் என்பதை மறவாதீர்கள். 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்கு முல்லைப்பெரியாற்றிலிருந்து திடீரென நீர் திறந்ததும் ஒரு காரணம் என்று கேரளம் உச்சநீதிமன்றத்தில் கூறியது, தமிழ்நாடு மறுத்தது. இரண்டும் வழக்காடுவோரின் சொற்கள். அவ்வாண்டு செப்டம்பரில் மத்திய நீர்வள ஆணையம் வெளியிட்ட ஆய்வு, ஆகஸ்டு 15 முதல் 17 வரை பெய்த கடும் மழையையே வெள்ளத்தின் பெருங்காரணமாகக் காட்டியது. வழக்காடுவோர் சொல்லையும் ஆய்வு செய்தவர் சொல்லையும் ஒரே தட்டில் வைக்கலாகாது.

நீதிமன்றத் தீர்ப்பையும் அதன் அளவிலேயே கொள்ளவேண்டும். முன்னாள் தலைமை நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் தலைமையிலான குழு, அணை உறுதியாக உள்ளது என்று 2012இல் அறிக்கை தந்தது. 2014 மே 7ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்து, மேற்பார்வைக் குழு ஒன்றையும் அமைத்தது. "இனி எந்நாளும் கவலையில்லை" என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மேற்பார்வைக் குழு எதற்கு? நம் உயிரையே பொருட்படுத்தவில்லை என்று மேற்கே சிலர் சொல்வதும் அத்தீர்ப்பில் இல்லை.

பாலக்காட்டு இல்லத்தார் இது இடுக்கியார் கதை என்று தாளைப் புரட்டிவிட வேண்டாம். பறம்பிக்குளம் அணை உங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. அதனை இயக்குவது தமிழ்நாடு. 2022 செப்டம்பர் 21ஆம் நாள் விடியுமுன் அதன் மூன்று மதகுகளுள் ஒன்று உடைந்தது. நீர் கட்டுக்கடங்காமல் சாலக்குடி ஆற்றில் பாய, கீழே திருச்சூர் மாவட்டக் கரையோரத்தார் எச்சரிக்கப்பட்டனர். உடைந்தது மதகு, அணையன்று. இச்செய்தியை அனுப்பும்போது "மதகு" என்ற ஒரு சொல் விடுபட்டுவிட்டால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆழியாற்று நீரும் அப்படியே. 1970ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் உரியது. கோடையில் "தரவில்லை" என்று ஓர் ஏடும் "தந்தோம்" என்று மற்றோர் ஏடும் எழுதும்போது, இம்மாதத்திற்கு உரியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்ற இரு எண்களையும் சேர்த்துத் தரும் செய்தியையே கொழிஞ்சாம்பாறை உழவர் தேடவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சொல்லப்படும் செய்தியில் மட்டுமன்று, சொல்லப்படாத செய்தியிலும் சார்பு உண்டு. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. மாண்டோர் 70 பேர். பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நம்மவர். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, பாலம் போயிற்று. வெளியுலகம் அறிந்தது மறுநாள் காலையில்தான். அன்றிரவே கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளாக, உலகின் கண் அங்கே திரும்பிற்று. ஒரு நள்ளிரவில் பொய்க் குரல் நம்மை ஓட்டியது. மற்றொரு நள்ளிரவில் மெய்க் குரல் வெளியே எட்டவேயில்லை. பொய்யை ஆயிரம் முறை பரப்பினால், மெய் ஒருமுறை வரும்போது கதவைத் திறப்பவர் இரார். ஆகவேதான் இதனைச் சிறு பொருளாக நாம் கருதவில்லை.

இனி அச்சகோதரியாருக்கு நாம் தரவேண்டிய விடை. செய்தி வந்தவுடன் மூன்று கேள்வி கேளுங்கள்: கண்டவர் யார், கண்டது என்று, எண்ணாயின் அளந்தவர் யார்? மூன்றுக்கும் விடையில்லாத செய்தியை உங்களோடு நிறுத்திவிடுங்கள். ஐயம் தீராவிடில் 1077 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கேளுங்கள். அணையின் அன்றாட மட்டத்தை இரு மாநில ஏடுகளும் வெளியிடுகின்றன. இரண்டு எண்களும் ஒத்திருந்தால் மற்றவை விளக்கவுரை என்று கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் இருப்போர், அதிகாரிகள் விலகச் சொன்னால் வாதாடாமல் விலகுங்கள். அது பின்னர் வேண்டாததாக முடிந்தாலும் நட்டமன்று.

இன்னொரு வழியும் உண்டு. அது நம் இல்லத்திற்கே உரியது. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் கற்றவர். நம் பெரியோர் தமிழ் படிப்பவர். மாலையில் பேத்தி மலையாள ஏட்டை வாய்விட்டுப் படிக்கட்டும். பாட்டி தமிழ் ஏட்டைப் படிக்கட்டும். எங்கே ஒத்திருக்கிறது, எங்கே வேறுபடுகிறது என்று இருவரும் பேசட்டும். தலைநகரத்து அறிஞர்க்கும் எளிதில் வாய்க்காத வசதி இது. நமக்கோ இது ஒரு கூரையின் கீழேயே கிடைக்கிறது. இரண்டு ஏடும் வாங்க இயலாதோர் ஊர் வாசகசாலைக்குச் செல்லுங்கள். 1945இல் பி. என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கத்தின் பயனாகக் கேரளத்தில் வாசகசாலை காணாத ஊர் அரிது. அங்கே ஒரு தமிழ் நாளேடும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். விண்ணப்பம் எழுத நம் சங்கம் துணை நிற்கும்.

அச்சகோதரியாரின் அடுத்த வீட்டில் ஒரு மலையாளக் குடும்பம் இருக்கிறது. நள்ளிரவில் இவர்கள் ஜீப்பில் ஏறியபோது அவ்வீட்டு அம்மையார் விளக்கேந்தி வெளியே வந்து, "என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கக் கூடாதா?" என்றாராம். அவருடைய மகன் அன்று மாலைதான் ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்து வந்திருந்தான். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பழமொழி. விசாரிப்பதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம். மழை மிகும் காலம். ஆற்றங்கரை இல்லத்தார் விழிப்போடும் நலத்தோடும் இருப்பார்களாக.